கோமதி மை

இசக்கியம்மாளின் கண்ணீர் கறுப்பாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, யூனிட் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரக் கொஞ்ச நேரம் முன்பு, போரூர்ப் பக்கம் ஒரு ஷூட்டிங் வீட்டின் கூடத்தில், முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது. எட்டு வருடமாக சாயங்காலம் ஏழரை மணித் தொடரில், தமிழ்நாட்டின் கூடங்களில் எல்லாம், கோமதி என்ற பெயரில் அழுதுகொண்டிருந்தவள் அவள். புருஷன் கைவிட்டதற்கு அழுதாள், மாமியார் விஷம் வைத்ததற்கு அழுதாள், காணாமல்போன பிள்ளை கிடைத்ததற்கு அழுதாள், கிடைத்த பிள்ளை மறுபடி காணாமல்போனதற்கும் அழுதாள், அத்தனைக்கும் ஒரு சொட்டு கிளிசரின் தேவைப்பட்டதில்லை. அன்றைக்குத் தொடரின் கடைசி நாள், கோமதியின் சாவு. படுத்தபடியே ஒரு தடவை கண் கலங்கினால் போதும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அவளும் கலங்கினாள். கன்னத்தில் இறங்கியது தார்போல மினுங்கும் கறுப்பு.

"கட்! மை ஒழுகுது, துடைங்கப்பா," என்றார் டைரக்டர்.

சாகப்போகிறவளுக்கு மை போடவில்லை என்பது ஹேர் டிரஸ்ஸர் ரெஜினாவுக்குத் தெரியும். பஞ்சைக் கொண்டுவந்து துடைத்தாள். பஞ்சு கறுத்தது, மறுபடியும் வழிந்தது. தலையணை உறை வாடகைக்கு எடுத்ததாகையால், ரெஜினா பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து இசக்கியம்மாளின் கன்னத்தடியில் பிடித்துக்கொண்டாள். கால் டம்ளர் நிறைந்ததும் கண்ணீர் நின்றது, யூனிட் சாப்பிடப் போனது, சாம்பாரில் உப்புக் கூடிப்போனதுதான் அன்றைக்குப் பெரிய பேச்சாக இருந்தது.

காஸ்ட்யூமில் வேலை பார்த்த பரிமளா அந்த டம்ளரில் சுண்டுவிரலை விட்டு விளையாட்டாக இரண்டு கண்ணிலும் தீட்டிக்கொண்டாள். இளநீரில் கண்ணைக் கழுவியதுபோல ஜில்லென்று இருந்ததாம். ஒரு வாரம் ஆகியும் கலையவில்லை. சீயக்காய் தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. பார்த்தவர்களெல்லாம் உனக்கு இத்தனை பெரிய கண்ணா என்று கேட்டார்கள். அந்த வாரக் கடைசியில் அவளுடைய மாமியார் செத்துப்போனாள். பெற்ற தாயைப்போல வைத்துக்கொண்டிருந்த மாமியார். பரிமளாவின் நெஞ்சு அடைத்ததே தவிரக் கண்ணில் ஒரு துளி வரவில்லை, மையும் கலையவில்லை. வந்தவர்கள், அவள் எவ்வளவு தைரியமான பெண் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதே நேரத்தில் சாலிகிராமம் கிணற்றடித் தெருவில் தன் வீட்டில், அரிசி களைந்துகொண்டிருந்த இசக்கியம்மாள் காரணமே தெரியாமல் கறுப்பாக அழுதாள்.

அந்த வருடத் தீபாவளிக்குக் கடைகளில் 'கோமதி சேலை' என்று ஒன்று வந்திருந்தது. அவள் தொடரில் உடுத்திய கத்தரிப்பூ நிறச் சேலை, அவள் முகம் போட்ட அட்டை, அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான் கஜபதி அவள் வீட்டுக்கு வந்தார். தொடருக்குப் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவர். நாளைக் காலையில் நாலு யானை வேண்டும் என்று டைரக்டர் சொன்னால் விடிவதற்குள் ஐந்தாகக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்.

"உங்க பேரை எவனோ விக்கிறான் மேடம். நாம வித்தா என்ன?"

அவளுக்கு நாற்பத்தொரு வயது. தொடர் முடிந்தபின் ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை. அழுமூஞ்சி கோமதிக்கு வேறென்ன வேஷம் கொடுப்பது என்று எல்லோரும் யோசித்தார்கள். தம்பி சுடலைமுத்து வடக்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் சரி என்றாள்.

கோமதி மை அப்படித்தான் பிறந்தது. முன்னறையில் பாய் விரித்து, கண்ணீரில் விளக்கெண்ணெய் விட்டு மசித்து, கட்டைவிரல் நகம் அளவு டப்பாக்களில் அடைத்தார்கள். முதலில் ரெஜினாவும் பரிமளாவும்தான் உட்கார்ந்தார்கள், பிறகு தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, ஒரு வருடத்தில் முப்பத்திரண்டு பேர் ஆனார்கள். அடுத்தது சேலை. வெள்ளைப் பருத்தியின் கரையை அந்தக் கண்ணீரில் முக்கி எடுத்தால், எந்த சோப்புக்கும் வெளுக்காத கறுப்பு பிடித்தது. கல்லூரி வாத்தியாரம்மாக்களும் செய்தி வாசிக்கிற பெண்களும் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். பிறகு அதே கறுப்பில் ரவிக்கை, அதே கறுப்பில் நகப்பூச்சு. ஓர் அதிகாரி பரிசோதிக்க வந்தார். அவள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் அழுவதை மூக்குக்கண்ணாடி வழியாகக் கவனமாகப் பார்த்து, 'மூலப்பொருள்: உரிமையாளர்' என்று படிவத்தில் எழுதி, மனைவிக்கு இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போனார்.

மை போட்டவர்கள் அழுவதில்லை என்பது கொஞ்ச நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. கல்யாணத்தில் பெண்ணை அனுப்பிவைக்கிற தாய்மார்கள் சிரித்த முகமாக நின்றார்கள், போட்டோக்காரர்களுக்கு அது வசதியாக இருந்தது. இழவு வீடுகள் வங்கிபோல அமைதியாக இருந்தன. ரெஜினா ஒருத்திதான் மை போடுவதில்லை. அவளுக்குக் கண்ணில் எது பட்டாலும் வீங்கிவிடும். அதனால் கிணற்றடித் தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் அவளைத்தான் முன்னால் உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு ஓர் அழுகையாவது வேண்டாமா என்றார்கள்.

இசக்கியம்மாளுக்கு முதல் வருடம் அழுவது சுகமாகத்தான் இருந்தது. அழுவதற்கு அவளிடம் சொந்தத்தில் நிறைய இருந்தது. அது தீர்ந்ததும் கஜபதி மற்றவர்களின் துக்கத்தைக் கொண்டுவந்தார். செவ்வாயும் வெள்ளியும் வாசலில் டோக்கன் கொடுக்கப்பட்டது; பெண்கள் வரிசையில் நின்று, உள்ளே வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து சொன்னார்கள், அவள் கேட்டுக் கேட்டு அழுதாள், சொன்னவர்கள் மூட்டை இறக்கியவர்கள்போல லேசாக எழுந்து போனார்கள். இரண்டாம் வருடம் அதுவும் மரத்துப்போனது. "குடிகாரப் புருஷன் கதை இனிமே வேண்டாம்மா," என்று கஜபதி வாசலிலேயே சொல்லத் தொடங்கினார். "அதுக்கெல்லாம் மேடத்துக்கு ஒரு ஸ்பூன்கூட வரமாட்டேங்குது. வேற ஏதாவது இருக்கா?"

பிறகு தெரு தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, ஆனால் எல்லோரும் ஒரே நாளில் தொடங்கியதுபோல அவள் எதிரே நல்ல சேதி சொல்வதை நிறுத்திவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகள் அவள் வீட்டை மட்டும் தாண்டிப் போயின. பிள்ளை பாஸானவர்கள் அவளைக் கண்டதும் மிட்டாயை முந்தானையில் மறைத்தார்கள். அடுத்த வீட்டுக் கைக்குழந்தை முதல்முதலாகக் குப்புற விழுந்ததை வேலிக்கு அப்பால் குசுகுசுவென்று கொண்டாடினார்கள். அவள் வாசலுக்கு வந்தால் சிரித்துக்கொண்டிருந்த கும்பல் சட்டென்று முகத்தைத் தொங்கப்போட்டது. கெட்ட எண்ணத்தில் அல்ல. முப்பத்திரண்டு வீட்டு உலை அந்தக் கண்ணில்தான் கொதித்தது.

வெளியூரிலிருந்து போன் செய்த சுடலைமுத்துவுக்கு மட்டும் இந்த ஏற்பாடு தெரியாது.

"யக்கா, ஒன்பது வருசம் கழிச்சு எம் பொஞ்சாதி உண்டாயிருக்கா! மூணு மாசம்! நீதாம்க்கா பேரு வைக்கணும்!"

இசக்கியம்மாள் சிரித்தாள். அன்று முழுக்கச் சிரித்தாள், மறுநாளும் சிரித்தாள், துக்கம் சொல்ல டோக்கனோடு வந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு "எந் தம்பி அப்பனாகப் போறான்" என்றாள். அன்றிலிருந்து பதினொரு நாள் ஒரு சொட்டு வரவில்லை. ஆர்க்காடு சாலையில் இரண்டு மாடி ஷோரூம் தயாராக நின்றது, கண்ணாடிக் கதவு மாட்டியாகிவிட்டது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு விழா. உள்ளே அலமாரிகள் மட்டும் இருந்தன. கஜபதி அந்தக் காலி அலமாரிகளை தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் செருப்போடு கூடத்துக்குள் வந்து, அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், மனசைத் திடப்படுத்திக்கங்க. நாக்பூர் ரோட்டுல... சுடலை வண்டி..."

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் போனுக்குக் கையை நீட்டினாள். போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. "பத்திரிகைக்காரங்க கூப்பிடுவாங்க மேடம், எங்கிட்டயே இருக்கட்டும். சுடலை சம்சாரத்துக்கு யாரும் இன்னும் சொல்லல, வயித்துல புள்ளையோட இருக்காங்க, நீங்க பேசினா தெரிஞ்சுபோயிரும். பாடி நாளன்னைக்கு வந்துரும்."

தாய் செத்தபோது மூன்று வயது சுடலைக்கு. அவளுக்குப் பதினைந்து. இடுப்பில் சுமந்து வளர்த்தவன். இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள், சத்தம் வருவதற்கு முன்னால் கண்ணீர் வந்தது, இதுவரை வந்த கறுப்பெல்லாம் சாம்பல் என்று சொல்லும்படியான கறுப்பு, ராத்திரியைப் பிழிந்ததுபோல. பரிமளா முதல் கிண்ணத்தைப் பிடித்தாள். அது நிறைந்ததும் இன்னொருத்தி இன்னொரு கிண்ணம் பிடித்தாள். மார்பில் அடித்துக்கொண்ட கையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், சிந்தக் கூடாதே. ஒருத்தி மோர் கொடுத்தாள், உடம்பில் தண்ணீர் குறையாமல் இருக்க. மதியம் ஆனது, மூன்று கிண்ணம் ஆனது. முப்பத்திரண்டு பெண்களும் கூடத்தில் சுவரோரமாக நின்றார்கள், ஒருத்தியும் வேலைக்கு உட்காரவில்லை, ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை, ஒருத்தியும் ஒருத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு மணிக்கு ஆறாவது கிண்ணம். அதை ரெஜினா பிடித்துக்கொண்டிருந்தாள்.

எட்டு வருடம் அழுது பிழைத்தவளுக்கு அழுகை ஒரு தொழில். தான் அழும்போதே எதிரில் இருப்பவர்கள் எப்படி அழுகிறார்கள் என்று கண் ஓரமாகப் பார்த்துவிடுகிற பழக்கம் அவளுக்கு எந்த நிலையிலும் போகாது. அவள் சுற்றிப் பார்த்தாள். எல்லாக் கண்களும் காய்ந்திருந்தன. அது சரிதான், எல்லாம் மை போட்ட கண்கள். பிறகு கிண்ணத்துக்கு மேலே, மிக அருகில், மை போடாத இரண்டு கண்களைப் பார்த்தாள். சென்னைக்கு வந்தால் சுடலைமுத்து லாரியை நிறுத்திவிட்டு முதலில் ரெஜினா வீட்டில்தான் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவான். ரெஜினாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தவன் அவன். சின்னக்கா என்றுதான் கூப்பிடுவான்.

இசக்கியம்மாளின் விம்மல் மெல்ல அடங்கியது.

"ரெஜினா. என்னப் பாருளா."

ரெஜினா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மை போட்டவ அழமாட்டா. அது எனக்குத் தெரியும். நீ எதுக்குளா அழல?"

கஜபதி, "மேடம், அதிர்ச்சியில அவங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நான் இவகிட்டக் கேக்கேன்."

ரெஜினா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"யக்கா, போன வாங்கி அவனக் கூப்பிடு."

இசக்கியம்மாள் கையை நீட்டினாள். கஜபதி அசையவில்லை. பரிமளாதான் வந்து அவர் சட்டைப்பையிலிருந்து போனை உருவி அவளிடம் கொடுத்தாள். நாலு தடவை மணி அடித்து ஐந்தாவது தடவை எடுத்தான்.

"என்னக்கா? லோடு எறக்கிட்டு இருக்கேன், சொல்லு. யக்கா? யாரு பேசுறது? யக்கா..."

"சாப்ட்டியாடே?" என்று மட்டும் கேட்டாள்.

"மணி நாலாச்சு, இன்னும் சாப்பிடாமயா இருப்பேன். ஒனக்கு என்ன ஆச்சு, தொண்ட கட்டியிருக்கு?"

"ஒண்ணுமில்ல. வை."

போனை மடியில் வைத்தாள். பிறகு சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தாள். "எல்லாருக்கும் தெரியும், அப்படித்தான?"

ரெஜினாதான் பேசினாள். "ஒரே ஒரு நாளுக்குன்னு சொன்னாரு அக்கா. சாயங்காலமே, தகவல் தப்பு, அது வேற வண்டின்னு சொல்லிரலாம்னு சொன்னாரு. முப்பத்திரண்டு குடும்பம் அக்கா. நான் மாட்டேன்னுதான் மொதல்ல..."

கஜபதி எழுந்து நின்றார். அவர் குரலில் வெட்கமோ கோபமோ இல்லை, நாலு யானை கேட்டால் ஐந்து கொண்டுவருகிறவரின் பொறுமைதான் இருந்தது. "நீங்க அழுதது நிஜம்தானே மேடம்? காரணம் பொய்யா இருந்தா என்ன? எட்டு வருஷமா அப்படித்தானே அழுதீங்க?"

"அப்ப பொய்னு தெரிஞ்சு அழுதேன்," என்றாள் இசக்கியம்மாள்.

அவள் எழுந்தாள். யாரும் கைபிடிக்க வரவில்லை, வரத் துணியவில்லை. முதல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்த் துவைகல்லின் மேல் ஊற்றினாள். திரும்பி வந்து இரண்டாவதை எடுத்தாள். மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு கிண்ணத்திலும் இரண்டு மாதத்துக்கான மை இருந்தது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆறாவதைக் கஜபதி முந்திக்கொண்டு தூக்கினார். "மேடம், இதுல ஷோரூமே இருக்கு மேடம்." ரெஜினா குறுக்கே வந்து கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள், கறுப்பு அவர் வெள்ளைச் சட்டையில் தெறித்தது, கடைசியில் அவர் விரல்கள் வழுக்கின. ரெஜினா அதைக் கொண்டுபோய் அவளே ஊற்றினாள்.

கிணற்றடித் தெருவின் சாக்கடை ஒரு வாரம் மினுமினுவென்று ஓடியது. மாநகராட்சி ஆட்கள் வந்து பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். கஜபதி வேறொரு தொடருக்குப் போய்விட்டார். ஆர்க்காடு சாலைக் கட்டடத்தில் பிறகு மெத்தைக்கடை வந்தது.

அதன்பின் இசக்கியம்மாளுக்குக் கண்ணீர் வரவே இல்லை, கறுப்பாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை. ஆனால் தெருவில் இருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கண்களிலிருந்து மை மெல்ல மெல்ல மங்க மங்க, மறித்து வைத்திருந்ததெல்லாம் திறந்துகொண்டது. இரண்டு வருடத்துக்கு முன் செத்த மாமியாருக்குப் பரிமளா குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு அழுதாள். பெண்களைச் சிரித்த முகமாக அனுப்பிவைத்த தாய்மார்கள், அந்தப் பெண்கள் தலைப்பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கையில் கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்கள். பஸ்ஸில் அழுதார்கள், ரேஷன் வரிசையில் அழுதார்கள், எடை போடுகிறவர் கொஞ்சம் பொறுத்து, அழுது முடித்தபின் சர்க்கரையை அளந்தார். பால்காரர் அந்தத் தெருவுக்கு மட்டும் அரைமணி கூடுதலாக ஒதுக்கிக்கொண்டார். மூன்று மாதம் அப்படி இருந்தது, பிறகு எல்லாத் தெருக்களையும்போல அவ்வப்போது மட்டும் என்று ஆனது.

முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பதின்மூன்று பேரோடு இசக்கியம்மாள் விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து, கரிசலாங்கண்ணிச் சாறும் விளக்கெண்ணெயும் விட்டு மசித்து, எல்லோரும் செய்கிற மாதிரியே மை செய்தாள். சேலைக் கரைக்குச் சாயப்பட்டறையில் வாங்கிய சாதாரணக் கறுப்பு. மாவு மில்லுக்குப் பக்கத்தில் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கடை. டப்பாவின் மேல் அவளே சொல்லி அச்சடிக்கவைத்த ஒரு வரி: 'அழுதால் கலையும்.' இப்படிப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று அச்சகத்துக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

ரெஜினா ஆறு மாதம் கழித்து ஒரு நாள் வந்து கடைப்படியில் நின்றாள். இசக்கியம்மாள் அவளைப் பார்த்தாள், உள்ளே காலியாக இருந்த முக்காலியைப் பார்த்தாள். ரெஜினா உள்ளே போய் உட்கார்ந்து மூடி திருக ஆரம்பித்தாள். அதிலிருந்து தினமும் வந்தாள். மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். ஆனால் பேட்டி, போட்டோ என்று யார் வந்தாலும் இசக்கியம்மாள் தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். ரெஜினாவுக்கு முதுகு காட்டி உட்கார மட்டும் அவளால் முடியவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மாசி மாதத்தில், உச்சிவேளையில், ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கி விறுவிறுவென்று கடைக்குள் வந்தாள். கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு அப்பியிருந்தது. டப்பாவை மேசையில் ஓங்கி வைத்தாள்.

"நீங்கதானே கோமதி? என்ன மைங்க இது?"

"கலைஞ்சிட்டா?"

"முகமெல்லாம் ஆயிருச்சு. ஆபீஸ்ல அத்தனை பேரும் பாத்துட்டாங்க."

"அழுதா கலையும்னு அதுலயே போட்டிருக்கே தாயி."

"பாத்தேன். சும்மா விளம்பரத்துக்குப் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் அழறது எங்க வீட்ல இருக்கிறவங்களுக்கே தெரியாது. தெரியுமா உங்களுக்கு?"

"பாத்தவங்க என்ன செஞ்சாங்க?"

மில்லில் யாருடைய மிளகாயோ அரைபட்டுக்கொண்டிருந்தது, அந்த நெடியில் மூன்று பேரும் இருமினார்கள்.

"ஒண்ணும் செய்யல," என்றாள் அந்தப் பெண் கடைசியில், குரல் இறங்கி. "பக்கத்து சீட்ல ஒருத்தி. மூணு வருஷமா எங்கூடப் பேசினது இல்ல. அவ மட்டும் எந்திரிச்சு வந்து, நாற்காலிய இழுத்துப் போட்டு, பக்கத்துல உக்காந்துக்கிட்டா. ஒண்ணும் கேக்கல."

"காசத் திருப்பி வாங்கிட்டுப் போறியாம்மா?"

அந்தப் பெண் முந்தானை நுனியை மூலையிலிருந்த குடத்துத் தண்ணீரில் நனைத்து, இமைக்குக் கீழே அழுத்தித் துடைத்தாள்.

"கண்ணாடி இருக்கா?"

ரெஜினா எழுந்து கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவள் தான் ஓங்கி வைத்த டப்பாவையே திறந்து, முதலில் இடது கண்ணுக்கும் பிறகு வலது கண்ணுக்கும் நிதானமாக மை தீட்டினாள், டப்பாவைக் கைப்பையில் போட்டு மூடினாள், இரண்டு மணிக்குள் சீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.